போட்டித் துப்பாக்கியில் சேஃப்டி தானாக ஏறிக்கொள்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்குத் துப்பாக்கி சுடும் போட்டிதான். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஊருக்கு வரும் அமெரிக்கப் பிள்ளைகளில் சிலர் அதே விளையாட்டில் இறங்கியிருக்கிறார்கள். வீட்டு முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்பார்கள்; திரும்பிப் போன பிறகு போனில் கேட்பார்கள். பத்துக் கேள்வி வந்தால் அதில் ஆறேழு, துப்பாக்கி சுடாமல் பூட்டி வைக்கும் சேஃப்டி லீவரைப் பற்றித்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். இங்கே ரேஞ்சுகளில் .22 பிஸ்டல் சுடும் பிள்ளைகளும் கேட்பதால் அவர்களுக்கு வேண்டியதும் உள்ளே இருக்கிறது.

அண்ணே, முதலில் இது என்ன போட்டி என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

ஒலிம்பிக்கில் பார்ப்பது போல ஒரே இடத்தில் நின்று ஒரே இலக்கைச் சுடுவது இல்லை. இடுப்பில் உறைக்குள் துப்பாக்கி இருக்கும். பஸர் அடித்ததும் உருவி, ஓடி, திரும்பி, பல இலக்குகளைச் சுட்டு முடிக்க வேண்டும். இதற்கான உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி. 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. அதன் அமெரிக்கக் கிளைதான் யு.எஸ்.பி.எஸ்.ஏ. எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து மதிப்பெண் போடுவார்கள். 100 புள்ளியை 20 விநாடியில் எடுத்தால் 5. அதே 100 புள்ளிக்கு 23 விநாடி ஆனால் 4.35க்கும் கொஞ்சம் கீழே. மூன்று விநாடிக்கு அவ்வளவு விலை.

சேஃப்டி தானாக ஏறுவது என்றால் என்ன?

இந்தப் போட்டியில் நிறையப் பேர் வைத்திருப்பது 1911 வகைத் துப்பாக்கி, அல்லது அதையே இரட்டை வரிசை மேகசினுக்கு (பிடிக்குள் போகும் தோட்டாப் பெட்டி) அகலப்படுத்திய 2011 வகை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டதால் அந்தப் பெயர். இதில் பிடிக்கு மேலே, பின்பக்கம், கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். மேலே தள்ளினால் பூட்டு. கீழே அழுத்தினால் சுடும். ஹாமர் (தோட்டா வெடிக்க அடிக்கும் சுத்தி) பின்னால் இழுபட்டு நிற்க, லீவர் மேலே இருக்க, அப்படித்தான் உறைக்குள் வைக்க வேண்டும். உருவும்போது கட்டைவிரலால் கீழே அழுத்திவிட்டுச் சுட ஆரம்பிக்கிறோம். நடுவில் நமக்கே தெரியாமல் கை அதை மேலே தள்ளிவிட்டால், ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்து இரண்டாவது வருடம். முதல் பாதி நன்றாகப் போனது. ஓடிக்கொண்டே மேகசின் மாற்றினேன். அடுத்த இலக்குக்கு நேராக வந்து அழுத்தினேன். ட்ரிகர் கல் மாதிரி நின்றது. தோட்டா கோளாறு என்று நினைத்து ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியை, இழுத்தேன். அதுவும் வரவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தேன். துப்பாக்கியே உடைந்துவிட்டது என்று நிச்சயம் செய்துவிட்டேன். நான்கைந்து விநாடி கழித்துத்தான் கண் லீவரில் பட்டது. அது மேலே இருந்தது. 1911இல் சேஃப்டி ஏறினால் ஸ்லைடும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். லீவரின் விளிம்பு ஸ்லைடில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை அன்றைக்கு யாராவது எனக்கு முன்னமே சொல்லியிருந்தால் ஸ்லைடு வராத அந்த நொடியிலேயே காரணம் தெரிந்திருக்கும். அதனால்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும் என்று இதை முதலில் சொல்கிறேன்: ட்ரிகரும் வரவில்லை, ஸ்லைடும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது லீவர்.

குற்றம் லீவர் மேலா, கை மேலா?

பெரும்பாலும் கை மேல். துப்பாக்கி கடைக்காரரிடம் போவதற்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுடும் கையின் கட்டைவிரல் லீவருக்குக் கீழே இருந்தால், துப்பாக்கி உதைத்துத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் விரல் லீவரின் அடியில் போய் முட்டுகிறது. பத்துத் தடவை முட்டி ஒன்றும் ஆகாது. பதினோராவது தடவை ஏறிவிடும். அதனால்தான் சும்மா பழகும்போது வராமல் போட்டியில் வருகிறது. போட்டியில் இறுக்கிப் பிடிக்கிறோம் இல்லையா.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்லைடு பின்னால் போயிருக்கும்போது லீவர் ஏற முடியாது, ஏனென்றால் பள்ளம் அதன் நேருக்கு இல்லை. ஸ்லைடு முன்னால் வந்து மூடிய பிறகுதான் ஏறும். அப்படியென்றால் உதை அடங்கி, அடுத்த குண்டுக்குக் கையை மறுபடி இறுக்குகிறோமே, அந்தக் கணத்தில்தான் வேலை நடக்கிறது.

வழி ஒன்றுதான். உருவும்போது லீவரைக் கீழே அழுத்திய கட்டைவிரலை அங்கிருந்து எடுக்காதீர்கள். கடைசிக் குண்டு வரை அது லீவரின் மேலேயே உட்கார்ந்திருக்கட்டும். விரல் மேலே இருந்தால் லீவருக்கு ஏற இடமே இல்லை. அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை, தோளில் கை போடுகிற கனம் போதும். தாங்கும் கையின் கட்டைவிரல் அதற்குக் கீழே, துப்பாக்கியின் உடலை ஒட்டி முன்னோக்கி நீண்டிருக்கட்டும். பலர் செய்வது என்ன? இரண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக லீவருக்குக் கீழே அடுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், பிடியும் இறுக்கமாகத் தோன்றும். ஆனால் தாங்கும் கையின் கட்டைவிரல் அடிச்சதை லீவரைக் கீழிருந்து நெம்பிக்கொண்டே இருக்கும்.

என் கை எங்கே படுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேகமாகச் சுடும்போது ஒன்றும் தெரியவில்லையே.

கண்மை போதும். நான் ஆத்தாளுடைய கண்மை டப்பாவை வைத்துத்தான் பலருக்குச் செய்து காட்டியிருக்கிறேன்.

துப்பாக்கியில் மேகசின் இல்லை, தோட்டா உட்காரும் சேம்பரும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். ஹாமரை இழுத்து நிறுத்தி, லீவரைக் கீழே இறக்கிவிட்டு, அதன் அடிப்பக்கத்தில் மட்டும் மையை மெல்லத் தடவுங்கள். வலப்பக்கமும் லீவர் இருந்தால் அதற்கும். கையைத் துடைத்துக்கொண்டு, போட்டியில் பிடிப்பது போலவே பிடித்து, பத்திரமான திசையில் நீட்டுங்கள். யாராவது ஒருவரைத் துப்பாக்கிக்குப் பின்பக்கமாக நின்று உங்கள் முன்கையைப் பிடித்து நாலைந்து தடவை மேலே தூக்கித் தூக்கி விடச் சொல்லுங்கள்; உதை அது போலத்தான் இருக்கும். மேகசின் மாற்றுகிற அசைவையும் ஒரு தடவை செய்யுங்கள். அப்புறம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள்.

கட்டைவிரலின் மேல் விளிம்பிலோ நகத்துக்குப் பின்னாலோ கறை இருந்தால், விரல் லீவருக்குக் கீழே போகிறது. தாங்கும் கையின் கட்டைவிரல் அடிமேட்டில் இருந்தால் அந்தக் கையை ஏற்றி வைக்கிறீர்கள். சுட்டுவிரலின் அடிமூட்டில், உள்ளங்கையோடு சேரும் இடத்தில் கறை இருந்தால், அது வலப்பக்க லீவரின் வேலை. கறை எங்கும் இல்லை என்றால்தான் துப்பாக்கியைச் சந்தேகப்பட வேண்டும். மையை அப்படியே விட்டுவிடாமல் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் போட்டு வையுங்கள்.

கட்டைவிரலை மேலே வைத்தால் துப்பாக்கி சுடவே மாட்டேன் என்கிறது. ஏன்?

1911இல் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பிடியின் பின்பக்கத்தில், உள்ளங்கை அழுத்தினால் உள்ளே போகும் ஒரு தகடு. அது அழுந்தாவிட்டால் ட்ரிகர் நகராது. கட்டைவிரலை உயரமாக ஏற்றினால் உள்ளங்கையின் நடுவில் ஒரு குழி விழுகிறது. தகட்டை விட்டுக் கை விலகிவிடுகிறது. உள்ளங்கை ஒல்லியாக இருப்பவர்களுக்கு இது அதிகம். இதற்காகவே தகட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு மேடு வைத்து விற்கிறார்கள். அதை மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தகட்டை எவ்வளவு அழுத்தினால் ட்ரிகர் விடுபடும் என்பதையும் நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) சரிசெய்து தருவார். நூலோ டேப்போ சுற்றித் தகட்டை அழுத்தியே வைத்துவிடுகிற பழக்கம் வேண்டாம்.

எனக்கு மேகசின் மாற்றிய பிறகு மட்டும்தான் ஏறுகிறது.

எனக்கும் அப்படித்தான் நடந்தது, மேலே சொன்னேன். மேகசினை விடுவிக்கும் பொத்தான் ட்ரிகருக்குப் பின்னால் இடப்பக்கம் இருக்கிறது. அதை அழுத்தக் கட்டைவிரல் லீவரை விட்டுக் கீழே இறங்கியே ஆக வேண்டும். புது மேகசின் உள்ளே போனதும் நாம் அடுத்த இலக்கைப் பார்க்கிறோம், விரல் வந்த வழியே திரும்புவதில்லை; இருந்த இடத்திலேயே மூடிக்கொள்கிறது. அந்த இடம் லீவருக்கு நேர் கீழே.

பழக்கத்தால்தான் இதை மாற்ற முடியும். வெற்றுத் துப்பாக்கியில், வெற்று மேகசினோடு, மெதுவாக மாற்றுங்கள். மேகசின் உள்ளே போனதும் "விரல்" என்று வாய்விட்டுச் சொல்லி, கட்டைவிரலை லீவரின் மேல் வைத்த பிறகுதான் துப்பாக்கியை நீட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை, இரண்டு வாரம். அப்புறம் சொல்லாமலேயே விரல் போகும். நான் மூன்று மாதம் செய்தேன். அதற்குப் பிறகு மேகசின் மாற்றி ஒரு தடவைகூட ஏறவில்லை.

கண்மை வைத்துப் பார்த்தேன், கை சரியாகத்தான் இருக்கிறது. லீவரே தொளதொளவென்று இருக்கிறது.

நம் ஊர்ப் பழைய வீட்டுத் தேக்குக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது போட்ட இடத்தில் நிற்கும். தேய்ந்த பிறகு கதவை அறைந்து சாத்தினால் தாழ்ப்பாள் தானே நழுவி விழும், வெளியே போனவர் உள்ளே வர முடியாது. லீவரும் அப்படித்தான். அது மேலே நிற்பதற்கு ஒரு சிறு குழி, கீழே நிற்பதற்கு ஒரு சிறு குழி. சட்டத்தின் (துப்பாக்கியின் உடல்) இடப்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதன் பின்முனையில் உள்ள சின்ன ஊசி அந்தக் குழியில் போய் அழுத்துகிறது. லீவரை ஏற்றி இறக்கும்போது வரும் "டக்" சத்தம் அதுதான். சத்தம் இரண்டு பக்கமும் தெளிவாக வர வேண்டும். வழுவழுவென்று சத்தமில்லாமல் போனால் குழி தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது.

கடினமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் உடனே அதற்குத்தான் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரே ஸ்பிரிங் இரண்டு வேலை பார்க்கிறது. பின்முனை சேஃப்டியைத் தள்ளுகிறது. முன்முனையில் உள்ள இன்னொரு ஊசி, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பைத் தள்ளுகிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொள்ளக்கூடும். ஒரு பக்கம் சரிசெய்யப் போய் இன்னொரு பக்கம் கெடும். அதனால் முதலில் சுத்தம் செய்யுங்கள், பிறகு அதே அளவு புது ஸ்பிரிங், அதற்கும் சரியாகாவிட்டால் குழியின் வடிவத்தைக் கன்ஸ்மித்திடம் கொடுத்துத் திருத்துங்கள். கீழ்க்குழியின் சரிவைக் கொஞ்சம் செங்குத்தாக ஆக்கினால் லீவர் ஏறுவதற்கு அதிக பலம் கேட்கும்; இறங்குவதற்கு வழக்கமான பலமே போதும். நமக்கு வேண்டியது அதுதான்.

குழாய் சட்டத்தோடு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல துப்பாக்கிகளில் அது தறைந்து ஒட்டப்பட்டிருக்கும், வருடக்கணக்கில் சுட்டால் தளரும். இருபுற லீவர் என்றால் இடது வலது இரண்டும் நடுவில் நாக்கும் பள்ளமுமாகப் பொருந்தியிருக்கும்; அந்தப் பொருத்தம் தேய்ந்தாலும் ஆட்டம் வரும்.

அகலமான லீவர் வாங்கலாமா? கட்டைவிரல் தாங்கி?

அகலமான லீவர் நல்லது. விரல் உட்கார மேடை கிடைக்கிறது, உருவும்போது தவறவும் தவறாது. ஆனால் இடப்பக்கம் மட்டும் அகலமாக இருக்கட்டும். வலப்பக்கமும் அகலமாக வாங்கினால் வலக்கைக்காரர்களுக்கு அது சுட்டுவிரல் அடிமூட்டில் இடிக்கும், லீவர் முழுதாகக் கீழே இறங்கவே விடாது. பாதி இறங்கிய லீவர் ஏறுவதற்குச் சின்ன முட்டு போதும். வலப்பக்கத்துக்குச் சின்ன லீவர், அல்லது ஒருபுற லீவர் போதும்.

கட்டைவிரல் தாங்கி என்பது தாங்கும் கையின் விரலுக்கு. சட்டத்தில் பொருத்திய ஒரு சின்னப் படி. அந்த விரலுக்கு ஓர் இடம் கிடைப்பதால் அது லீவர் பக்கம் அலைவதில்லை, உண்மைதான். ஓப்பன் பிரிவில் சகஜமாகப் பார்க்கலாம். ஆனால் எல்லாப் பிரிவிலும் விட மாட்டார்கள்; ப்ரொடக்ஷன் போன்ற பிரிவுகளில் வெளியே எதை மாற்றலாம் என்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பிரிவின் விதியைப் படியுங்கள்.

என் மனைவியின் கை சின்னது. கட்டைவிரல் லீவரின் மேலே எட்டவே இல்லை.

கையைத் திருப்பிப் பிடித்து எட்ட வைக்காதீர்கள், ட்ரிகர் விரல் கெட்டுவிடும். முதலில் பிடியின் பக்கப் பட்டைகளை மெலிதாக மாற்றிப் பாருங்கள், 1911இல் அது சுலபம். அதிலேயே பாதிப் பேருக்கு விரல் எட்டிவிடும். எட்டாவிட்டால் மேடை கொஞ்சம் தாழ்வாக, முன்னால் நீண்டிருக்கும் லீவர். தங்கச்சியையே கடைக்கு அழைத்துப்போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கைக்கு நீங்கள் போய் வாங்கி வந்தால் சரிவராது.

இடக்கைக்காரர்களுக்கு?

எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல மாறும். இருபுற லீவர் கட்டாயம். வலப்பக்கம் அகலம், இடப்பக்கம் சின்னது.

பேசாமல் சேஃப்டியையே வேலை செய்யாமல் ஆக்கிவிட்டால் என்ன?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல மாட்டேன். ஹாமர் இழுபட்டு, சேம்பரில் தோட்டாவோடு, இந்தத் துப்பாக்கி உங்கள் தொடையை ஒட்டி உறைக்குள் இருக்கிறது. ட்ரிகரோ இரண்டு கிலோவுக்கும் மிகக் கீழே. நடுவில் நிற்பது அந்த லீவர்தான். சேஃப்டி போடாமல் இப்படி ஏற்றிய 1911ஐ உறையில் வைத்தால் போட்டியிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள், அது சரியான விதி. ஒரு விநாடி மிச்சப்படுத்தத் தொடையைப் பணயம் வைக்க வேண்டாம்.

எனக்கு நேர்மாறாக இருக்கிறது. உறைக்குள் இருக்கும்போதே லீவர் தானாக இறங்கிவிடுகிறது.

உடனே நிறுத்துங்கள். அந்தத் துப்பாக்கியைச் சரிசெய்யும்வரை தோட்டா போடாதீர்கள். காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன தேய்ந்த குழிதான், அல்லது உறையின் வாய் லீவரில் உரசுகிறது. ஏறுவது நேரத்தைத் தின்னும். இறங்குவது ஆளைத் தின்னும்.

போட்டி நடுவில் ஏறிவிட்டது. அந்த நொடி என்ன செய்வது?

ட்ரிகர் நின்றதும் விரலை ட்ரிகர் வளையத்தை விட்டு வெளியே எடுங்கள். கோளாறு பார்க்கும்போது விரல் உள்ளே இருந்தால் அதற்கே வெளியேற்றம் உண்டு. அதைவிடப் பெரிய காரணம், லீவர் இறங்கிய அதே நொடியில் விரல் அழுத்திக்கொண்டிருந்தால் குண்டு எங்கே போகும் என்று தெரியாது. துப்பாக்கிக் குழலின் முனை இலக்கு இருக்கும் திசையிலேயே இருக்கட்டும், பதற்றத்தில் துப்பாக்கியை வயிற்றுப் பக்கம் இழுத்துத் திருப்பாதீர்கள். பிறகு கட்டைவிரலால் லீவரைக் கீழே தட்டுங்கள். பார்க்கக்கூட வேண்டாம், தட்டுங்கள். ஏறியிருந்தால் இறங்கும், இல்லையென்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதற்கும் சுடாவிட்டால்தான் மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுப்பது.

நான் இங்கே 25 மீட்டரில் .22 பிஸ்டல் சுடுகிறேன். எனக்கு இது பொருந்துமா?

பொருந்தும், உங்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். ஒலிம்பிக் வகைச் சுடுதலுக்கான உலக அமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியில் கோளாறு இரண்டு வகை. ஒன்று, துப்பாக்கியின் குற்றம். மறுபடி சுட வாய்ப்புக் கிடைக்கும். இன்னொன்று, சுடுபவரின் குற்றம், வாய்ப்பு இல்லை. சேஃப்டியை விடுவிக்காமல் இருந்தது இரண்டாவது வகையில் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. சுடாத குண்டுக்குப் புள்ளி பூஜ்யம். ரேபிட் ஃபயரின் நான்கு விநாடி வரிசையில் ஐந்து இலக்கு, ஐந்து குண்டு. நடுவில் லீவர் ஏறினால் மிச்சம் எல்லாம் போயிற்று.

அதோடு, கோளாறு என்று தோன்றினால் துப்பாக்கியை இலக்குப் பக்கமே நீட்டி வைத்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரை அழைக்க வேண்டும். அவர் பார்க்கும் முன் நீங்களே லீவரையோ ஸ்லைடையோ தொட்டுவிட்டால், உண்மையிலேயே துப்பாக்கியின் குற்றமாக இருந்தாலும் உங்கள் கணக்கில் போய்விடும். டெக்சாஸ் பிள்ளைகளுக்கு "தட்டு" என்று மேலே சொன்னேன், உங்களுக்கு "தொடாதே". இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

.22வில் உதை குறைவு, ஒற்றைக் கை. அதனால் உதையால் ஏறுவது அபூர்வம். சுடத் தொடங்குவதற்கு முன் இறக்க மறப்பதும், வரிசைகளுக்கு இடையே கை பிடியைச் சரிசெய்யும்போது தட்டிவிடுவதும்தான் நடக்கும். மேகசினைப் போட்டதும் லீவரைத் தொட்டுப் பார்ப்பதை உங்கள் வரிசையில் ஒரு படியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ட்ராப் (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி) சுடும் ஷாட்கன்காரர்களுக்கு?

நம் பக்கத்தில் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போய்ச் சுட்ட பிறகு ட்ராப் பற்றிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அங்கே சேஃப்டி பின்கட்டையின் கழுத்தில் இருக்கும் பொத்தான். வேட்டைக்கென்று செய்த சில துப்பாக்கிகளில், திறந்து மூடும்போதெல்லாம் அது தானாகவே பூட்டிக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதை ட்ராப்புக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் விடுவிக்க வேண்டும். மறந்தால் அந்தத் தட்டு போனதுதான். ட்ராப்புக்கென்றே செய்த துப்பாக்கியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

என்னிடம் பெரெட்டா 92 இருக்கிறது. ஸ்லைடை இழுக்கும்போது சேஃப்டி விழுந்துவிடுகிறது.

அதில் லீவர் சட்டத்தில் இல்லை, ஸ்லைடிலேயே இருக்கிறது. திசையும் நேர்மாறு: கீழே வந்தால் பூட்டு. மேலிருந்து கையை மூடி ஸ்லைடை இழுத்தால் உள்ளங்கை அதைக் கீழே தள்ளிவிடும். இழுத்து விட்டதும் கட்டைவிரலை அடியிலிருந்து மேலே ஒரு தடவை தடவிவிடுங்கள். 1911க்குக் கீழே, பெரெட்டாவுக்கு மேலே. இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒரு பருவத்துக்கு ஒன்றை மட்டும் போட்டிக்கு எடுத்துப்போவது உத்தமம், விரல் இரண்டு பாடம் ஒரே நேரத்தில் படிக்காது.

என்ன எண்ணெய் போடலாம்?

மெல்லிய துப்பாக்கி எண்ணெய், லீவரின் அச்சில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகி அந்த ஊசியைக் குழாய்க்குள்ளேயே ஒட்டிவிடும். அதிகம் ஊற்றினாலும் கெடுதல். நம் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் அரைத்த விழுது போல ஆகிவிடும். வெயில் காலத்து வியர்வையும் சேர்ந்தால் துரு.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். அமெரிக்காவில் போட்டிக்குப் போகலாமா?

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விலக்குகள் சில உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் அதில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் வாங்கிச் சுடுவதும் கையில் வைத்திருப்பதில்தான் சேரும். வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். விசா போனால் வேலை போகும்.

ஊரில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் நன்றாக ராவித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அவர் கைத்திறமை பற்றிச் சந்தேகம் இல்லை. இந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எதையும் செய்வார்கள். ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் கொடுத்தால் உங்களுக்கும் வழக்கு, அவருக்கும் வழக்கு. உங்கள் ரைபிள் கிளப்பில் கேட்டு, உரிமம் உள்ளவரிடம் ரசீதோடு கொடுங்கள். லீவரின் உள்பகுதி, ஹாமரைப் பிடித்து நிறுத்தும் சியரைத் தடுத்து நிற்கிறது; அங்கே மயிரிழை அதிகமாக ராவினால் சேஃப்டி போட்டபோதும் சியர் நகரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அண்ணே, நீங்கள் சொன்னபடி கண்மை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் விளிம்பிலும் கறை, சுட்டுவிரல் அடியிலும் கறை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

கட்டைவிரலிலிருந்து. அதற்குக் காசு வேண்டாம். விரலை மேலே ஏற்றும்போது உள்ளங்கையே கொஞ்சம் இடம் மாறும், சுட்டுவிரல் அடிமூட்டும் அதோடு நகரும். இரண்டு வாரம் பழகிவிட்டு மறுபடி மை தடவிப் பாருங்கள். சுட்டுவிரலில் அப்போதும் கறை இருந்தால் வலப்பக்க லீவரைச் சின்னதாக மாற்றலாம். இரண்டாவது தடவை செய்யும்போது கறையைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.